காற்றில் நூறு கோடியில் ஒன்றைத் தேடுவது எப்படி?

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஒரு திரையரங்கு. 2013 டிசம்பரிலும் 2014 ஜனவரியிலும் அங்கே மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அரங்கின் காற்று வெளியேறும் வழியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அந்தக் காற்றை இடைவிடாமல் ஒரு கருவிக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், ஏறத்தாழ 9,500 பார்வையாளர்கள். ஒரு படத்தில் நாயகியின் உடையில் தீப்பற்றும் கட்டம் வந்தபோது ஐசோபிரீன் என்ற வாயுவின் அளவு சட்டென்று உயர்ந்தது. அதே படத்தை வேறொரு நாள் வேறொரு கூட்டம் பார்த்தபோதும் அதே இடத்தில் உயர்ந்தது. பதற்றத்தில் தசைகள் இறுகுகின்றன, மூச்சின் போக்கு மாறுகிறது, உடலில் தங்கியிருந்த ஐசோபிரீன் மூச்சோடு வெளியேறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் மனிதரின் பயத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அந்தக் கருவி. ஒருவர் விடும் மூச்சிலேயே ஐசோபிரீனின் அளவு நூறு கோடி மூலக்கூறுகளுக்கு நூறு என்ற கணக்கில்தான் இருக்கும். பெரிய அரங்கின் காற்றில் கலந்து நீர்த்த பிறகு அதிலும் பல மடங்கு குறைந்துவிடும். அந்த அற்ப அளவு ஏறுவதையும் இறங்குவதையும், படத்தின் காட்சி மாறும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஒரு கருவி எப்படிப் பதிவு செய்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் அளவுகள். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆர்கான். இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப நீராவி, பிறகு கார்பன் டை ஆக்சைடு. இவையெல்லாம் போக மிஞ்சும் மிகச் சிறிய பங்கில்தான் மரங்கள் விடும் வாயுக்கள், பெட்ரோல் ஆவி, வண்ணப்பூச்சின் நெடி, அடுப்புப் புகை, பழம் கனியும் வாசனை எல்லாம் இருக்கின்றன. கார்பனை அடிப்படையாகக் கொண்டு எளிதில் ஆவியாகும் இந்தப் பொருள்களுக்கு ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக விஓசி என்பார்கள். இவற்றை அளக்கும் அலகு பிபிபி. ஒரு பிபிபி என்றால் நூறு கோடி மூலக்கூறுகளில் ஒன்று. அதற்கும் ஆயிரம் மடங்கு கீழே பிபிடி: லட்சம் கோடியில் ஒன்று.

நூறு கோடியில் ஒன்று என்றதும் ஏதோ ஓரிரு மூலக்கூறுகளைத் தேடிப் பிடிப்பதுபோல் தோன்றும். உண்மை அப்படியில்லை. கடல்மட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆகவே ஒரு பிபிபி அளவுள்ள வாயுவுக்கும் அதே கன சென்டிமீட்டரில் 2,500 கோடி மூலக்கூறுகள் உண்டு. எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் கூட்டம்தான் தொல்லை. கீழே வரும் கதை முழுவதும் அந்தக் கூட்டத்தை ஒதுக்கித் தள்ளும் கதைதான்.

இவ்வளவு சிறிய அளவுகளை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரிய வைத்த புகைமூட்டத்தின் மூலத்தை 1950களில் ஆரி ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் கரிம வாயுக்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. அதே கரிம வாயுக்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கனமான சேர்மங்களாக மாறி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் படிந்து அவற்றைப் பருக்கச் செய்கின்றன. எந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இவற்றில் எதையும் கட்டுப்படுத்த முடியாது.

இனிக் கருவி. நிறை நிறமாலைமானி, வழக்கில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அடிப்படையில் மூலக்கூறுகளை எடைபோடும் இயந்திரம். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு மின்புலத்துக்கு மசியாது. அதற்கு ஒரு மின்னூட்டத்தைக் கொடுத்து அயனியாக மாற்றிவிட்டால், வெற்றிடத்தில் அதைத் தள்ளலாம், வளைக்கலாம், முடுக்கலாம். ஒரே அளவு விசையால் தள்ளினால் இலகுவானது வேகமாகப் போகும், கனமானது மெதுவாகப் போகும். அந்த வேறுபாட்டிலிருந்து எடை தெரிந்துவிடும். ஜே. ஜே. தாம்சன் 1912-13இல் நியான் வாயுவில் (ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ ஒன்று என்று கொண்டால்) 20, 22 என்று இரு எடைகள் இருப்பதைக் கண்டது இந்த வழியில்தான். நூறாண்டுகளுக்குப் பிறகும் தத்துவம் அதேதான். அயனியை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் தலைவலி.

பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்லித் தரும் முறை, 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் மூலக்கூறுகளை மோதுவது. தூய்மையான ஒரு பொருளை ஆராய இது அருமையான முறை. ஆனால் தெருவிலிருந்து இழுத்த காற்றை அப்படியே இதற்குள் விட்டால் இரண்டு விபரீதங்கள் நடக்கும். நைட்ரஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க 15.6 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஆக்சிஜனுக்கு 12.1 போதும். 70 என்பது எல்லாருக்கும் தாராளம். எனவே ஒரு பிபிபி பென்சீனைத் தேடிப் போனால், ஒரு பென்சீனுக்கு 78 கோடி என்ற கணக்கில் நைட்ரஜன் மூலக்கூறுகள் அயனியாகக் காத்திருக்கும். இது முதல் விபரீதம். அடுத்தது, அவ்வளவு ஆற்றலைத் தாங்காமல் கரிம மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடைந்துபோகும். இருநூறு வகை வாயுக்கள் கலந்த காற்றில் ஒவ்வொன்றும் ஐந்தாறு துண்டுகளாக உடைந்தால், எந்தத் துண்டு யாருடையது என்று பிரித்தறிவது நடக்காத காரியம்.

இதற்கு நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழி, எடைபோடுவதற்கு முன்பே கலவையைப் பிரித்துவிடுவது. காற்றை வெற்றிடமாக்கிய எஃகுக் கலத்தில் அடைத்தோ, ஈர்த்துப் பிடிக்கும் பொடி நிரம்பிய குழாய் வழியே செலுத்தியோ ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வாயு நிறப்பிரிகை என்ற முறையில் நீண்ட நுண்குழாயில் ஓடவிட்டால் ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வந்தவற்றை ஒவ்வொன்றாக நிறமாலைமானி எடைபோடும். நம்பகமான முறை, இன்றும் யாரும் இதைக் கைவிடவில்லை. ஆனால் ஒரு மாதிரிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். காட்டுத்தீயின் புகைப்பட்டையை விமானம் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. திரையரங்கில் நாயகி அரைமணி நேரம் எரிந்துகொண்டிருக்க மாட்டாள்.

1990களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லிண்டிங்கரும் அவருடைய குழுவினரும் வேறு பக்கமாக யோசித்தார்கள். காற்றைப் பிரிக்க வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். மின்னூட்டம் கொடுக்கும் முறையையே தேர்ந்து பார்த்துக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால்? வேண்டியவற்றுக்கு மட்டும் மின்னூட்டம் கிடைக்கட்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் எத்தனை கோடி இருந்தாலும் வந்த வழியே போகட்டும். மின்னூட்டம் இல்லாதது கருவியின் கண்ணுக்கு இல்லாததுதானே. புரோட்டான் பரிமாற்ற வினை நிறை நிறமாலையியல் என்று நீளமான பெயர் பெற்ற இந்த முறையை, பிடிஆர்-எம்எஸ் என்ற சுருக்கப் பெயரால்தான் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். 1995இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

தேர்ந்து கொடுக்கும் வேலையைச் செய்வது தண்ணீர். நீர் மூலக்கூறு ஒன்று கூடுதலாக ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுவின் உட்கருவை, ஏற்றுக்கொண்டால் ஹைட்ரோனியம் அயனி ஆகும். அதன் எடை 19. இந்த அயனி காற்றில் எதனுடன் மோதினாலும், எதிரே வந்தது புரோட்டானைத் தண்ணீரைவிட அதிக ஆவலோடு பற்றக்கூடியதாக இருந்தால் மட்டும் புரோட்டான் அங்கே போய்விடும். இடுப்புக் குழந்தை போலத்தான்: பிடித்தவர் கை நீட்டினால் தாவும், மற்றவர் ஆயிரம் முறை அழைத்தாலும் இடுப்பைவிட்டு இறங்காது.

அந்த ஆவலை அளந்து பட்டியலிட்டிருக்கிறார்கள். புரோட்டான் நாட்டம் என்று அதற்குப் பெயர். மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று சொல்வது வழக்கம். தண்ணீருக்கு 691. ஆர்கானுக்கு 369, ஆக்சிஜனுக்கு 421, நைட்ரஜனுக்கு 494, கார்பன் டை ஆக்சைடுக்கு 541. எல்லாமே தண்ணீருக்குக் கீழே. மறுபக்கம் பென்சீன் 750, மெத்தனால் 754, அசிட்டால்டிஹைடு 769, அசிட்டோன் 812, ஐசோபிரீன் 826. எல்லாமே மேலே. காற்றின் பெரும்பகுதியாக இருக்கும் வாயுக்கள் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கத்திலும், நாம் தேடும் கரிம வாயுக்களில் பெரும்பாலானவை மறுபக்கத்திலும் விழும்படி கோடு கிழித்தாற்போல் தண்ணீர் நடுவில் நிற்கிறது. இயற்கை தந்த இந்தத் தற்செயல்தான் முறையின் மூலதனம் என்பது என் எண்ணம். மின்னணுவியல் எல்லாம் பிறகு வந்தவை.

இன்னொரு நன்மையும் சேர்ந்து கிடைக்கிறது. புரோட்டான் கைமாறும்போது வெளிப்படும் ஆற்றல் 70 எலக்ட்ரான் வோல்ட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அசிட்டோனுக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி 121 கிலோஜூல். ஒரு மூலக்கூறுக்கு என்று கணக்கிட்டால் அது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஆகவே பெரும்பாலான மூலக்கூறுகள் உடையாமல் முழுதாகத் தங்கும். எடை மட்டும் ஒன்று கூடும். 58 எடையுள்ள அசிட்டோன் 59இல் தெரியும், 78 எடையுள்ள பென்சீன் 79இல், 68 எடையுள்ள ஐசோபிரீன் 69இல். இந்தத் துறையில் இருப்பவர்கள் சேர்மத்தின் பெயரைச் சொல்லாமல் ‘அறுபத்தொன்பது ஏறியிருக்கிறது’ என்றே பேசிக்கொள்வதைக் கேட்கலாம்.

கருவிக்குள் நடப்பது இது. ஒரு முனையில் நீராவி செல்லும் சிறிய அறை; உள்ளீடற்ற எதிர்மின்முனையில் மின்னிறக்கம் நிகழ்கிறது. அங்கே நீர் உடைந்து பலவகை அயனிகள் உண்டாகின்றன. ஆனால் அவை மேலும் நீராவியோடு மோத மோத, எல்லாமே கடைசியில் ஹைட்ரோனியமாக மாறிவிடுகின்றன. வெளியே வரும் அயனிகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அதுதான். தூய்மைப்படுத்த இடையில் வேறொரு வடிகட்டி தேவைப்படாததால் அயனிகள் வீணாவதில்லை. இந்த ஒரு படியை மிச்சப்படுத்தியதுதான் கருவிக்கு அந்த நுண்ணுணர்வைத் தந்தது.

அடுத்து நகர்வுக் குழாய். ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளம். உள்ளே அழுத்தம் இரண்டு மில்லிபாரை ஒட்டி, அதாவது வெளிக்காற்றின் ஐந்நூறில் ஒரு பங்கு. சோதிக்க வேண்டிய காற்று இதற்குள் நேரடியாக நுழைகிறது. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் ஹைட்ரோனியம் அயனிகளை முன்னே இழுக்கிறது. குழாயைக் கடக்க அவை எடுத்துக்கொள்ளும் நேரம் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒவ்வொன்றும் காற்று மூலக்கூறுகளோடு ஆயிரக்கணக்கான முறை மோதிவிடும். மோதல்களில் மிகப் பெரும்பாலானவை நைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும், எதுவும் நடக்காது. எப்போதாவது ஓர் ஐசோபிரீன் குறுக்கிட்டால் புரோட்டான் கைமாறும்.

மின்னழுத்தத்தைச் சரியாக வைப்பது நுட்பமான வேலை. குறைந்துவிட்டால் ஈரக் காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஹைட்ரோனியத்தோடு ஒட்டிக்கொண்டு 37 எடையுள்ள கொத்துகளாகும். அந்தக் கொத்து பென்சீன் போன்றவற்றுக்குப் புரோட்டானை எளிதில் விட்டுத்தராது. கூடிவிட்டால் மோதல்கள் வலுத்து, முழுதாக இருக்க வேண்டிய மூலக்கூறுகள் உடையத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசப் புள்ளியில்தான் எல்லாரும் கருவியை ஓட்டுகிறார்கள்.

இப்போது கணக்கு. ஹைட்ரோனியம் ஒரு கரிம மூலக்கூறைச் சந்தித்தால் எவ்வளவு விரைவாக வினைபுரியும் என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்த எண். குழாயில் செலவிடும் நேரமும் தெரியும். இவ்விரண்டும் தெரிந்தால், புரோட்டானைக் கொடுத்துவிட்ட அயனிகளுக்கும் கொடுக்காமல் மிஞ்சியவற்றுக்கும் உள்ள விகிதத்திலிருந்தே வாயுவின் செறிவைக் கணித்துவிடலாம். மேலே சொன்ன அழுத்தத்தையும் நேரத்தையும் போட்டுப் பார்த்தால், ஒரு பிபிபி வாயு இருக்கும்போது பத்து லட்சம் ஹைட்ரோனியம் அயனிகளில் ஏறத்தாழ பத்துதான் புரோட்டானைக் கொடுக்கும். பத்து லட்சத்தில் பத்து. கேட்க அற்பமாக இருந்தாலும், வினாடிக்குப் பல லட்சம் அயனிகள் வந்துகொண்டிருந்தால் வினாடிதோறும் எண்ணிவிடக்கூடிய அளவுதான். சில வினாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பிபிடி வரைக்கும் இறங்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எடை 19இல் வரும் அயனிகளை உணர்கருவி நேரடியாக எண்ண முடியாது. அவ்வளவு பெரிய வெள்ளம் அதைத் திணறடித்துவிடும். எனவே 21ஐ எண்ணுகிறார்கள். இயற்கையில் ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று 18 எடையுள்ள கனமான வகை. அது இடம்பெற்ற ஹைட்ரோனியம் 21இல் தெரியும். அதை எண்ணி ஐந்நூறால் பெருக்கினால் மொத்தக் கணக்கு வந்துவிடுகிறது. இந்தத் தந்திரத்தை முதலில் படித்தபோது மனம்விட்டுச் சிரித்தேன்.

இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது. முறையின் பெரிய பலவீனத்தைச் சொல்லாமல் விட்டால் விளம்பரக் கட்டுரையாகிவிடும். கருவி எடையைத்தான் தருகிறது. சேர்மத்தின் அடையாளத்தைத் தருவதில்லை. 59 என்று தெரிந்தால் அசிட்டோன் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அதே அணுக்களை வேறு விதமாக அடுக்கிய புரோப்பனாலும் 59தான். கிளையாக்சாலும் முழு எண்ணில் 59தான். 69 ஐசோபிரீனாகவும் இருக்கலாம், மரம் எரியும்போது வரும் ஃபியூரானாகவும் இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தில் ஒரு பாதியைத் தீர்த்தது பறப்பு நேர முறை. தொடக்கக் காலக் கருவிகளில் நான்கு கம்பிகள் கொண்ட மின்புல வடிகட்டி இருந்தது. அது ஒரு நேரத்தில் ஓர் எடையை மட்டும், அதுவும் முழு எண் துல்லியத்தில் அனுமதிக்கும். பறப்பு நேர முறையில் எல்லா அயனிகளையும் ஒரே சமயத்தில் உதைத்துவிட்டு, மறுமுனைக்கு வந்து சேரும் நேரத்தைக் குறிக்கிறார்கள். நேரத்தை நுட்பமாக அளக்க முடிவதால் எடையைப் பல தசம இடங்களுக்குச் சொல்ல முடிகிறது. ஐசோபிரீனின் துல்லியமான எடை புரோட்டானோடு சேர்த்து 69.070, ஃபியூரானுக்கு 69.034. ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்ததைவிடக் கொஞ்சம் எடை குறைவு என்பதால் வந்த இடைவெளி அது. ஏறத்தாழ 1,900இல் ஒரு பங்கு வேறுபாடுதான். ஆனாலும் கருவி வரைபடத்தில் இரண்டு தனிச் சிகரங்களாகக் காட்டுகிறது.

மறுபாதி தீரவில்லை. அசிட்டோனும் புரோப்பனாலும் ஒரே அணுக்களால் ஆனவை. எத்தனை தசம இடம் போனாலும் எடை ஒன்றே. இதைவிட வம்பு, உடைந்த துண்டுகளால் வருவது. மோதல் மென்மையானது என்று சொன்னேன், எல்லாருக்கும் அல்ல. சில வகைப் பைன் காடுகளில் மரங்கள் விடும் ஓர் ஆல்கஹால், புரோட்டான் வந்ததும் ஒரு நீர் மூலக்கூறை உதிர்த்துவிட்டு ஐசோபிரீனின் அதே வாய்பாட்டோடு 69.070இல் வந்து நிற்கும். நகரங்களிலும் சமையல் புகையிலிருந்து வரும் நீளமான ஆல்டிஹைடுகளின் துண்டுகள் அதே இடத்தில் விழும். மரமே இல்லாத சாலையில் நள்ளிரவில் ஐசோபிரீன் எகிறியிருப்பதாக ஒரு வரைபடம் காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீர, கருவியின் முன்னால் சிறிது நேரம் நிறப்பிரிகைக் குழாயைப் பொருத்தி, அந்தச் சிகரத்துக்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பார்கள். பழைய முறை புதிய முறைக்குக் காவலாக நிற்கும் இடம் இது.

கருவி பார்க்கவே பார்க்காத வாயுக்களும் உண்டு. மீத்தேனின் புரோட்டான் நாட்டம் 544, தண்ணீருக்குக் கீழே. எனவே மாட்டுத் தொழுவத்துக்குள் கொண்டுபோய் வைத்தாலும் மீத்தேன் தெரியாது. ஈத்தேன், புரோப்பேன் போன்ற சிறிய ஆல்கேன்களும் அப்படியே. எத்திலீன் 680, கோட்டைத் தொடும் தூரத்தில் நின்றுவிட்டது. ஃபார்மால்டிஹைடு 713, மயிரிழையில் மேலே இருப்பதால் புரோட்டானை வாங்கினாலும், ஈரம் மிகுந்த காற்றில் தண்ணீர் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அதன் அளவைச் சொல்லும்போது காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கள வேலையில் நேரம் போவது இத்தகைய அழகான இயற்பியலில் அல்ல, குழாய்களில். கூரைமேலிருந்து கருவிவரை காற்றைக் கொண்டுவரும் டெஃப்லான் வகைக் குழாயின் சுவரில் சில சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். காலையில் வந்த வாயு மதியம்வரை கசிந்துகொண்டே இருக்கும். அதனால் குழாயைச் சூடாக வைக்கிறார்கள், காற்றை வேகமாக இழுக்கிறார்கள். அதோடு, கருவியின் உட்பகுதியே சில வாயுக்களைக் கொஞ்சம் விட்டுக்கொண்டிருக்கும். அதைக் கண்டறிய, வெளிக்காற்றைச் சூடான பிளாட்டினம் வினையூக்கி வழியே செலுத்திக் கரிம வாயுக்களை எரித்துவிட்டு, ஈரம் மட்டும் மாறாத அந்த வெற்றுக் காற்றை அவ்வப்போது அளக்கிறார்கள். அங்கே காட்டும் எண்ணைக் கழித்தால்தான் உண்மை அளவு. அளவு தெரிந்த வாயுக்கள் அடைத்த சிலிண்டரை வைத்து அளவுதிருத்தமும் செய்கிறார்கள். கணக்கிலிருந்தே செறிவு வந்துவிடும் என்று மேலே சொன்னது உண்மைதான். ஆனால் பிழையின் அளவு அதில் கூடுதல். ஒரு ஆய்வுக் கட்டுரையில் கண்ணைப் பறிக்கும் வரைபடங்களுக்கு முன்னால் நான் தேடிப் படிப்பது வெற்றுக் காற்றையும் சிலிண்டரையும் பற்றிய பத்தியை. அது இரண்டு வரியில் முடிந்துவிட்டால் மற்றதைக் கொஞ்சம் நிதானமாகவே நம்புவேன்.

வேகம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் இடங்களை அடுக்கலாம். 2019இல் அமெரிக்காவின் காட்டுத்தீப் புகைக்குள் நாசாவின் டிசி-8 விமானம் இந்தக் கருவியைச் சுமந்து பறந்தது. காடுகளுக்கு மேலே கோபுரங்களில் வினாடிக்குப் பத்து முறை அளந்து, காற்றின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்தி, மரங்கள் எவ்வளவு ஐசோபிரீன் விடுகின்றன என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரிலும் கனடாவின் டொரன்டோவிலும் காலைப் போக்குவரத்து நேரத்தில் 371 என்ற எடை உயர்ந்தது. வியர்வை நாற்றம் போக்கும் பூச்சுகளிலும் தலைமுடிப் பொருள்களிலும் கலக்கும் ஒரு சிலிக்கான் சேர்மம் அது. குளித்துப் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர்களிடமிருந்து ஆவியாகி வந்திருக்கிறது. வாகனப் புகையிலிருந்து வரும் பென்சீனோடு ஒப்பிடத்தக்க அளவில் அது இருந்தது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பஞ்சாபின் மொஹாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வகைக் கருவிகளை வைத்து, பயிர்த்தாள் எரிப்பு உள்ளிட்டவற்றை ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் 2012-13 குளிர்காலத்தில் நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கில், போடே என்ற இடத்தில் பறப்பு நேரக் கருவி ஒன்றை வைத்து அளந்தார்கள். தெற்காசியாவில் அந்த வகைக் கருவி களத்தில் இறங்கியது அதுவே முதல்முறை.

காத்மாண்டு மலைகள் சூழ்ந்த கிண்ணம். குளிர்கால இரவில் காற்று அசையாமல் தேங்கும். உள்ளே வாகனங்கள், டீசல் ஜெனரேட்டர்கள், எரியும் குப்பை, விறகடுப்பு, செங்கல் சூளைகள். எல்லாம் கலந்த புகையில் எது எவருடைய பங்கு? இங்கே 42 என்ற எடை கைகொடுக்கிறது. அது அசிட்டோநைட்ரைல். விறகு, வைக்கோல் போன்ற தாவரப் பொருள்கள் எரியும்போது, அவற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து இது உண்டாகிறது. பெட்ரோல் வண்டியிலிருந்து மிகக் குறைவாகவே வரும். காற்றில் பல மாதங்கள் சிதையாமல் இருப்பதால் அடையாளமாகப் பயன்படுத்த வசதியானது. வேறொரு வாயு அசிட்டோநைட்ரைலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அதன் மூலம் தாவர எரிப்பு என்று கொள்ளலாம். பெட்ரோலில் உள்ள டொலுயீன் என்ற சேர்மத்தோடு சேர்ந்து ஏறினால் வாகனங்களின் பக்கம் பார்க்க வேண்டும்.

ஜனவரித் தொடக்கத்தில் சூளைகள் எரியத் தொடங்கியதும் அசிட்டோநைட்ரைலும் பென்சீனும் சேர்ந்தே உயர்ந்தன. அந்தச் சூளைகளில் நிலக்கரியோடு தாவரக் கழிவுகளையும் போட்டு எரிக்கிறார்கள். அளவீட்டுக் காலம் முழுவதற்குமான சராசரியில் பென்சீன் 2.7 பிபிபி, அசிட்டால்டிஹைடு 8.8 பிபிபி. ஒப்பிட்டுப் பார்க்க: இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் காற்றுத் தர வரையறைப்படி பென்சீனின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, அது ஏறத்தாழ 1.6 பிபிபி. காத்மாண்டுவின் எண் குளிர்காலத்துக்கு மட்டுமானது என்பதால் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். சூளைகளின் எரிபொருளைப் பற்றி யோசிக்க அந்த எண் போதுமானது.

அதே பதிவில் 44.013 என்ற எடையில் ஐசோசயனிக் அமிலமும் தெரிந்தது, சராசரி 0.9 பிபிபி. சிகரெட் புகையிலும் இருக்கும், உடலின் புரதங்களோடு வினைபுரியும் வாயு அது. தனியாக அதைத் தேடும் கருவி எதையும் அங்கே கொண்டுபோகவில்லை. பறப்பு நேரக் கருவி எல்லா எடைகளையும் எப்போதும் பதிவு செய்துகொண்டே இருப்பதால், பிறகு உட்கார்ந்து சிகரம் சிகரமாகப் பார்க்க முடிந்தது. எந்தச் சேர்மம் என்று சொல்ல முடியாமல் விட்ட சிகரங்களும் இத்தகைய பதிவுகளில் நிறைய இருக்கும். கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தால், நாளை ஒரு வாயு முக்கியமானது என்று தெரியவந்தபின் இன்றைய காற்றிலும் அதைத் தேடிப் பார்க்கலாம்.